வளர வளர அன்பைக் காட்டுவது எப்படி: அணைப்பு நின்ற இடத்தில் எதை வைப்பது?

1 | நீலத்தும்பி

பாசம் பற்றி இந்த மன்றத்தில் வருகிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தால் பழகிவிடுமா?" என்பது ஒன்று. "பதினாலு வயசுப் பிள்ளை பக்கத்திலேயே வர மாட்டேங்குறான், என்ன பண்ண?" என்பது இன்னொன்று. நடுவிலிருக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மடியில் உட்காருவது ஒரு நாள் நிற்கிறது. பள்ளி வாசலில் முத்தம் நிற்கிறது. குளிப்பாட்டுவது, தலை சீவிவிடுவது, கை பிடித்துச் சாலை கடப்பது எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கின்றன. நிற்பதில் தப்பில்லை. ஆனால் காலியான இடத்தில் எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறோம். மிஞ்சுவது "சாப்பிட்டியா, படிச்சியா, ஃபோனை வை" என்கிற மூன்று வாக்கியம்.

எந்த வயதில் என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம், எங்கே சறுக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே செய்முறை மட்டும் போதும்.

2 | தொட்டில்காவல்

பிறந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்தப் "பழகிவிடுமா" பயம். முதல் சில மாதங்களில் அழுகிற குழந்தையைத் தூக்குவதால் எந்தக் கெட்ட பழக்கமும் ஒட்டாது. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-ல், பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை எழுதினார். இன்னொரு உளவியலாளர் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்து 1958-ல் வெளியிட்ட சோதனை வேறு கதை சொன்னது. தாய்க்குப் பதிலாக இரண்டு பொம்மைகளை வைத்தார். பால் தந்த கம்பிப் பொம்மையிடம் குட்டிகள் குடிக்க மட்டும் போயின. மற்ற நேரமெல்லாம் துணி சுற்றிய பொம்மையைத்தான் பற்றிக்கொண்டு கிடந்தன.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தோலோடு தோல் அணைப்பது மருத்துவமாகவே ஆகிவிட்டது. கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது இந்த முறை, கங்காரு பராமரிப்பு என்பார்கள். குறைமாதத்திலோ 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நிறைமாதக் குழந்தைக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம், முறை ஒன்றுதான்.

குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும். மேல்சட்டை இல்லாத நெஞ்சில் நிமிர்த்திப் படுக்க வைக்கவும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கழுத்து லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும், அதனால் மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். கால்கள் தவளை போல மடங்கியிருக்கலாம். மேலே ஒரு துணியைச் சுற்றி, அதன் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்கும்படி கட்டுங்கள். ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். எடுத்து எடுத்து வைப்பது குழந்தைக்கு அலுப்பு. அப்பாவின் நெஞ்சும் இதற்குச் சரிதான்.

பெரிய ஆபத்து எது தெரியுமா? சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு பெற்றவரும் தூங்கிப்போவது. தூக்கம் வருகிறது என்றால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இன்னொன்று: பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். தாயின் மார்பிலிருந்து அவர் முகத்துக்கு இருக்கிற தூரம் அது. அந்தத் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் மெதுவாகப் பேசுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "போதும், கொஞ்சம் விடு" என்று பொருள். மறுபக்கம் போய் மறுபடி முகத்தைக் காட்டாதீர்கள். பார்வை திரும்பி வரும் வரை காத்திருங்கள். இது வெறும் கைக்குழந்தைப் பாடம் கிடையாது, பதினாறு வயதிலும் இதே விதிதான்.

எவ்வளவு தூக்கியும் அழுகை நிற்காமல் உங்களுக்கே பொறுமை போகிறதா? தொட்டிலில் பத்திரமாக வைத்துவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிய அது போதும்.

3 | மயிலிறகு

தொட்டில்காவல் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன்: தடவிக்கொடுக்கும் வேகம்.

நம் தோலில், முடி முளைக்கும் பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பு இழை உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அது நன்றாகப் பதில் தரும். அதிலும் 3 சென்டிமீட்டரை ஒட்டிய வேகம், உடல் சூட்டுக்கு நெருக்கமான கை. வேகமாகத் தேய்த்தால் உணர்வு கிடைக்கும், இதம் கிடைக்காது. ஆறு வயதுப் பிள்ளையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடலுக்கு ஆறு நொடி எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், நாம் வழக்கமாகத் தடவுவது எவ்வளவு அவசரம் என்று தெரியும். முதுகும் முன்கையும் நல்ல இடம். கை குளிர்ந்திருந்தால் உரசிச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள்.

கிச்சுகிச்சு மூட்டுவது இதில் சேராது. பிள்ளை சிரிப்பதால் பிடித்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். சிரிப்பு தானாக வருவது, அதை அடக்க முடியாது. "நிறுத்து" என்ற சொல் வந்ததும் அந்த நொடியே கையை எடுங்கள். தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று பிள்ளை முதலில் கற்பது வீட்டில்தான்.

4 | மரக்கட்டை

இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் என்னைக் கேட்டால் ஒரே மருந்து: தினமும் ஐந்து நிமிட விளையாட்டு. ஐந்து நிமிடமா என்று இளக்காரமாக நினைக்காதீர்கள், முறையாகச் செய்து பாருங்கள், அந்த ஐந்து நிமிடமே எவ்வளவு நீளம் என்று புரியும்.

ஷீலா ஐபர்க் என்ற உளவியலாளர் 1970-களில் உருவாக்கிய பெற்றோர்-பிள்ளைச் சிகிச்சையில் இது ஒரு பகுதி. பிள்ளை விளையாட்டை நடத்தும், பெரியவர் பின்னால் போவார். மரக்கட்டை, களிமண், மெழுகு வண்ணக்குச்சி, அடுக்கும் பொருள்கள் நல்லவை. வெற்றி தோல்வி இருக்கிற ஆட்டம், பந்து, வாள், கொட்டினால் துடைக்க வேண்டிய பெயின்ட் எல்லாம் வேண்டாம். அவற்றில் "கொட்டாதே, எறியாதே" என்று நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டியிருக்கும்.

செய்யக்கூடாதவை மூன்று: கேள்வி, கட்டளை, குறை. செய்ய வேண்டியவை: பிள்ளை செய்வதை அப்படியே சொல்வது, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்வது, எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டுவது. கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கும்.

பிள்ளை நீலக் கட்டையைச் சிவப்பின் மேல் வைக்கிறது. நம் வாயில் உடனே வருவது "இது என்ன கலர்?" அதை விழுங்கிவிட்டு, "நீலத்தைச் சிவப்பு மேல வைக்கிற" என்கிறோம். "இது வீடு" என்கிறது பிள்ளை. "ஓ, வீடு கட்டுற" என்கிறோம். கட்டை சரிகிறது, பிள்ளை மறுபடி எடுத்து அடுக்குகிறது. "விழுந்தும் விடாம திரும்ப அடுக்குற, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." அவ்வளவுதான். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று கேட்கவே கூடாது. கேள்வி கேட்டால் தலைமை நம் கைக்கு வந்துவிடுகிறது.

அந்தச் சிகிச்சையில் தேர்ச்சிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் குறிப்பிட்ட பாராட்டு 10, திருப்பிச் சொல்வது 10, செயலைச் சொல்வது 10, கேள்வி-கட்டளை-குறை மூன்றும் சேர்ந்து 3-க்குக் கீழே. முதல் நாள் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், கேள்விகள் மட்டுமே எத்தனை என்று.

வழக்கமாக நடக்கிற தவறு: பிள்ளை அன்றைக்குச் சேட்டை செய்தது என்று இந்த ஐந்து நிமிடத்தைப் பிடுங்கிவிடுவது. சேட்டை செய்த நாளில்தான் இது கட்டாயம். இதைப் பரிசாகவும் ஆக்காதீர்கள், தண்டனையாகவும் ஆக்காதீர்கள், பல் தேய்ப்பது மாதிரி தினமும் இருக்கட்டும்.

5 | கல்லாலமரம்

மரக்கட்டை அவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஐந்து நிமிடத்தில் பத்துப் பாராட்டு என்றால் பிள்ளை பாராட்டு இல்லாமல் எதையும் செய்யாத நிலை வராதா? எதைச் செய்தாலும் "சூப்பர், சூப்பர்" என்று கூவும் பெற்றோர் இப்போது எக்கச்சக்கம். அது பாசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

6 | மரக்கட்டை

கவலை நியாயம்தான் சார். ஆனால் "சூப்பர்" குறிப்பிட்ட பாராட்டு ஆகாது. எதைப் பாராட்டினீர்கள் என்று பிள்ளைக்கு விளங்க வேண்டும்.

இதில் நன்கு தெரிந்த ஆய்வு இரண்டு. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்டது: "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிய கணக்கைத் தேடினார்கள், தோல்விக்குப் பிறகு இன்னும் மோசமாகச் செய்தார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் கடினமானதைக் கையிலெடுத்தார்கள். 2014-ல் எடி பிரும்மெல்மன் குழு கண்டது உங்கள் பேச்சுக்கே வலு சேர்க்கும். தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளிடம் "அபாரமான அழகு" என்று ஊதிப் பெருக்கிச் சொன்னால் அடுத்து அவர்கள் சவாலான வேலையைத் தவிர்த்தார்கள். "அழகா இருக்கு" என்று அளவாகச் சொன்னபோது அப்படி ஆகவில்லை. வருத்தம் என்னவென்றால், தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைக்குத்தான் நாம் கூடுதலாக ஊதுகிறோம், இரக்கப்பட்டு.

ஆகவே கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள், பெயரடையைக் குறையுங்கள். "ஓரத்தை எல்லாம் வெளிய போகாம வண்ணம் தீட்டியிருக்க" என்றால் போதும். பிள்ளையே தன் படத்தை இன்னொரு தடவை பார்க்கும்.

7 | கரிசல்காற்று

பாராட்டைவிட முக்கியமானது கோபம் வந்த நாள். வீட்டில் பாசம் தேய்வது அங்கேதான், வயது ஏறுவதால் மட்டும் தேய்வதில்லை.

"போ, உன்கிட்ட பேச மாட்டேன்" என்று பெரியவர்கள் மணிக்கணக்கில், சில வீடுகளில் நாள்கணக்கில், மௌனம் காப்பார்கள். அடிக்கவில்லையே என்று ஒரு திருப்தி வேறு. உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970-களில் செய்த அசையாத முகச் சோதனையை நினைத்துப் பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருண்டுவிடும். சில நிமிடத்திலேயே இது நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையும் இதே வரிசையில்தான் போகிறது, சத்தம் மட்டும் குறைவு.

மௌனத் தண்டனையால் அப்போதைக்குப் பிள்ளை படியும். படிவது பாசம் போய்விடுமோ என்ற பயத்தில். நாளடைவில் மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

செய்ய வேண்டியது வேறு. கோபம் தலைக்கேறினால் நேரம் சொல்லிவிட்டு விலகுங்கள்: "எனக்கு இப்போ ரொம்பக் கோபம். பத்து நிமிஷம் கழிச்சு வந்து பேசறேன்." பத்து நிமிடம் என்றால் பத்தே நிமிடம். திரும்பி வந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, தப்பைப் பற்றி ஒரு வாக்கியம், விளைவு ஒன்று, அதோடு முடிக்க வேண்டும். அடுத்த வேலையை வழக்கம் போலச் சேர்ந்து செய்யுங்கள்.

நீங்கள் எல்லை மீறிக் கத்தியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். அதற்கும் முறை உண்டு. "நான் கத்தினேன். நீ பயந்துட்ட. அது என் தப்பு. அடுத்த தடவை வெளிய போய்ட்டு வந்து பேசறேன்." இதில் "ஆனா நீயும்..." என்ற வார்த்தை வந்தால் சொன்னதெல்லாம் வீண். பிள்ளையின் தப்பைப் பேச வேறு நேரம் எடுங்கள். உடனே அணைத்துக்கொள் என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் ஆறுவதற்காகப் பிள்ளையைப் பிடித்திழுப்பதாக ஆகிவிடும். பக்கத்தில் இருங்கள், வந்தால் வரட்டும்.

8 | நீலத்தும்பி

அருமை, கரிசல்காற்று. அந்த "ஆனா நீயும்" எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஏழு முதல் பதினொன்று வரைக்கும் யாராவது எழுதுங்களேன்.

9 | ஆறாம்மணி

அந்த வயதில் பிரச்சினை இடம்தான். வீட்டுக்குள் மடியில் விழுகிற பிள்ளை, பள்ளி வாசலில் கையை உதறும். பாசம் குறைந்ததாக எண்ணிப் பெரியவர்கள் முகம் வாடுவார்கள், அல்லது எல்லார் முன்னாலும் இழுத்து முத்தமிட்டு "என் செல்லக்குட்டி" என்பார்கள். இரண்டும் பிள்ளைக்குப் பாரம்.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று பிள்ளையிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே: கையை மூன்று தடவை அழுத்துவது, முஷ்டி முட்டுவது, பையை மாட்டிவிடும்போது தோளில் ஒரு தட்டு. எது என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். செல்லப் பெயரும் அப்படியே, அதை எங்கே கூப்பிடலாம் என்று ஒரு தடவை கேளுங்கள்.

உள்ளே: படுக்கும் நேரம். விளக்கை அணைத்த பிறகு பத்து நிமிடம் பக்கத்தில் படுத்திருங்கள், ஃபோன் வேறு அறையில். அந்த இருட்டில்தான் "இன்னைக்கு அவன் என்கூட விளையாடல" என்பது வெளியே வரும். வந்ததும் தீர்வு சொல்லக் கிளம்பாதீர்கள். "அது கஷ்டமா இருந்திருக்கும்" என்று சொல்லி நிறுத்துங்கள், மிச்சம் தானாக வரும். மறுநாள் வகுப்பாசிரியரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அடி, மிரட்டல், யாரோ தவறாகத் தொட்டது போன்றவை மட்டும் விதிவிலக்கு. அப்போதும் "இதை நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும், ஏன்னா நீ பத்திரமா இருக்கணும்" என்று முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

உறவினருக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். கையசைக்கலாம், வணக்கம் சொல்லலாம். மரியாதை தேவை, உடம்பைத் தர வேண்டியதில்லை.

10 | இரவுவிளக்கு

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூப்பு மாற்றங்கள் பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். இந்தச் சமயத்தில் பல அப்பாக்கள் மகளைத் தொடுவதை ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கூச்சம், நல்ல எண்ணம்தான். ஆனால் மகளுக்கு அது "என் உடம்பில் ஏதோ தப்பு" என்று படுகிறது. மகன்களுக்கோ அம்மா அப்பா இருவரின் அணைப்பும் சத்தமில்லாமல் போய்விடும், பையன் தானே என்று. நிறுத்தாதீர்கள், வடிவத்தை மாற்றுங்கள். முன்னிருந்து இறுக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் தோளணைப்பு. தலையில் கை. சோபாவில் தோள் இடிக்க உட்காருவது. நீங்கள் முதலில் நீட்டுங்கள், முதலில் விடுவது பிள்ளையாக இருக்கட்டும்.

"நான் பேசினா காதுலயே விழல" என்ற புலம்பலுக்கு ஒரு பாதிப் பதில் மூளையில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்டது: சின்னப் பிள்ளைகளின் மூளை அம்மாவின் குரலுக்கு அதிகம் பதில் தந்தது, பதின்மூன்று வயதை ஒட்டி அது அறிமுகமில்லாத குரல்கள் பக்கம் சாய்ந்தது. வெளியுலகுக்குத் தயாராகிற வேலை அது. உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, விசாரணை. ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-ல் ஸ்வீடனின் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து வெளியிட்டதில், பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொன்னதால் வருகிறது, துருவியதால் வருவது குறைவு என்று தெரிந்தது. ஆக நம் வேலை, பிள்ளை சொல்ல வசதி செய்து கொடுப்பது.

எப்படி? முகத்துக்கு முகம் உட்கார வைத்து "சொல்லு" என்றால் வராது. கண்கள் வேறு பக்கம் பார்க்கும் வேலை வேண்டும்: வண்டியில் போவது, பாத்திரம் துடைப்பது, துணி மடிப்பது, நடை. அவர்களின் உடல் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கும், அதனால் பேச்சும் இரவில்தான் வரும். உங்களுக்குத் தூக்கம் சொக்குகிற நேரம் அவர்கள் கதவு நிலையில் சாய்ந்து நிற்பார்கள். கையில் ஏதோ ஒன்றை உருட்டிக்கொண்டு, "சும்மாதான்" என்பார்கள். சும்மா இல்லை. கையிலிருப்பதைக் கீழே வையுங்கள், படுக்கையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள், ஒன்றும் கேட்காதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அமைதி போகும். அதைத் தாங்குவதுதான் கடினம். பதினைந்து இருபது நிமிடம் பேசிவிட்டு அனுப்புங்கள், 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அந்த வயதுக்கு வேண்டும். காலையில் எழுப்பி "நேத்து சொன்னியே..." என்று ஆரம்பிக்காதீர்கள்.

கதவைத் தட்டி, பதில் வந்த பிறகு திறப்பதும் அன்புதான். தட்டிக்கொண்டே திறப்பது தட்டியதாகாது.

11 | மயிலிறகு

தொடுதலே பிடிக்காத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு மென்மையான வருடல் எரிச்சலாக இருக்கும், அழுத்தமான அணைப்பு ஏற்கும். நான் மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் கணக்கு அவர்களில் பலருக்குப் பொருந்தாது. பின்னாலிருந்து திடீரென்று தொடாமல், முன்னால் வந்து, "கட்டிக்கட்டுமா?" என்று கேட்டு, உள்ளங்கை முழுதும் பதிய அழுத்துங்கள். வேண்டாம் என்றால் அதே ஆர்வத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பதைச் சேர்ந்து பாருங்கள். அதை ரெண்டாந்தரப் பாசம் என்று நினைக்கக் கூடாது.

12 | கரிசல்காற்று

வெளியூரில் வேலை பார்க்கும் பெற்றோருக்குச் சுருக்கமாக: ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் வீடியோ அழைப்புக்கு விலக்கு தருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு ரொம்ப நேரம் கவனம் நிற்காது. கேள்வி கேட்காமல் எதையாவது சேர்ந்து செய்யுங்கள்: இருவரும் ஒரே படத்தை வரைவது, ஒரே கதைப் புத்தகத்தின் இரண்டு பிரதி. தினமும் ஒரே நேரம் முக்கியம். வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லுங்கள். காத்திருந்து ஏமாறுவது அழைப்பே இல்லாததைவிட வலிக்கும்.

13 | கல்லாலமரம்

பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வெளியே போய்விட்ட பிறகு? நாள்தோறும் ஃபோன் செய்தால் நச்சரிப்பு, செய்யாவிட்டால் தூரம். அளவு என்ன?

14 | இரவுவிளக்கு

பிள்ளையையே கேளுங்கள் சார், "வாரத்துல எத்தனை தடவை, எந்த நேரம் வசதி?" என்று. பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இடையில் எதையாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றினால், பதில் தேவைப்படாத செய்தியாக அனுப்புங்கள். "ஏன் ஃபோன் எடுக்கல?" என்பது பதில் கேட்கும். வாசலில் இருக்கும் செடி பூத்த படம் பதில் கேட்காது. பணமோ பொருளோ அனுப்பிய கையோடு அறிவுரை சேர்க்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது போகட்டும். வீட்டுக்கு வரும்போது முதல் ஒரு மணி நேரம் வேலை, சம்பளம், உடம்பு இளைத்தது எதுவும் பேசாமல், அவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு எங்கே போய் உட்காருகிறார்களோ அங்கே போய் நீங்களும் உட்காருங்கள்.